புழு வீட்டில் மாதா

“அக்கா, நீங்க பஸ் ஏறுனதும் அந்தப் பாக்கியமேரி உங்க புழு வூட்டுக்குள்ள பூந்துடுறா. மடியில எதையோ மறைச்சு வேற எடுத்துட்டுப் போறா!”

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சொல்லி முடிப்பதற்குள் ராஜமேரிக்கு உச்சி வரை சூடேறிவிட்டது.

ஏறாதா பின்னே? பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுக்குள் அடுத்தவர் கால் வைக்கக் கூடாது, புழுவுக்கு நோய் ஒட்டும் என்பது பென்னாகரம் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதிலும் பாக்கியமேரி! போன கோடையில் விலைக்கு இலை வாங்கி அவள் வளர்த்த புழு அத்தனையும் செத்தபோது, “அவ கை பட்டா எதுவும் வௌங்காது” என்று தெருத்தெருவாகச் சொன்னதே ராஜமேரிதான்.

ராஜமேரியின் புருஷன் அல்போன்ஸ் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தத் தடவை பட்டுக்கூடு நல்லபடி விளைந்து விற்றால்தான் அவருக்கு ஆபரேஷன். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோகிற நேரம் பார்த்துத்தான் இந்தத் திருட்டுத்தனம்.

அன்றைக்குச் சோற்றுக் கூடையோடு கிளம்புகிற மாதிரி கிளம்பி, மல்பெரிச் செடிகளுக்குள் பதுங்கிக்கொண்டாள் ராஜமேரி.

பாக்கியமேரி வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜமேரி பூனை போலப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மடியிலிருந்து வெளியே வந்தது சூனியத் தகடு இல்லை. ஒரு சாண் உயர மாதா சுரூபம்! வெல்வெட்டு மாதிரி நீல அங்கி. பாக்கியமேரியின் கன்னியாஸ்திரி அக்கா ரோமாபுரி போய்வந்தபோது கொண்டுவந்து கொடுத்ததாம். ஊரே போய்ப் பார்த்தது, ராஜமேரி மட்டும் வீம்புக்குப் போகவில்லை.

மாதாவைப் புழுத்தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாக்குகளை நனைத்து நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டாள் பாக்கியமேரி. பிறகு மாதாவையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மெதுவாக அங்கியின் நீலம் வெளுத்தது. ஊதாவானது. அப்புறம் அப்பட்டமான ரோஸ்!

ராஜமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். சண்டை போட வந்ததே மறந்துபோனது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“என்னடி இது, மாதா செஞ்ச புதுமையா?”

பாக்கியமேரி பதறி எழுந்தாள். “ஐயோ, புதுமையெல்லாம் இல்லீங்கக்கா. அங்கியோட நூல்ல ஏதோ மருந்து ஏத்தியிருக்காங்களாம். காத்து காஞ்சிருந்தா நீலம், ஈரமா இருந்தா ரோஸ். எங்கக்கா சொல்லுச்சு.”

“அதுக்கு இங்க எதுக்குக் கொண்டாந்த?”

“காத்து காஞ்சா இலை சருகாயிடும். புழு திங்காது. போன வருசம் என் புழு செத்தது அதனாலதான்னு இது வந்தப்புறம்தான் புரிஞ்சுது. நீங்க போனதும் இங்க சாக்கெல்லாம் காஞ்சு போயிடுது. அண்ணன் வேற ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. நேர்ல வந்து சொன்னா நீங்க உள்ளயே விட மாட்டீங்க. அதான்...”

ராஜமேரி தட்டுப் பக்கம் திரும்பினாள். தட்டு நிறையப் புழுக்கள் சரசரவென்று இலை தின்றுகொண்டிருந்தன.

“உன் புழுவைப் போட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கியேடி, அதுங்க என்னாவும்?”

பாக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு ஏதுங்கக்கா புழு? என் கை வௌங்காதுன்னு ஊரே சொல்றப்ப, யாரு எனக்கு இலை விப்பாங்க?”