இரண்டு குழாய்களுக்கு இடையே

ஆய்வுக்கூடத்து மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. நுண்ணோக்கியின் பக்கத்தில் விரிந்த நோட்டில், போன மாதம் இறந்துபோனவரின் பொடி எழுத்து: ‘டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் கடல் நுண்ணுயிரின் புதைபடிவக் கூடு. புதிய இனம். முட்களின் நுனி பிளந்திருக்கிறது. உச்சியில் ஒரு தகடு விலகி, உயிர் வெளியேறிய திறப்பு. முட்களின் எண்ணிக்கை:’ அதற்குமேல் வெற்றுத்தாள். அவருடைய சாமான்களை வாங்கிப்போக வந்த மனைவி முதல்முறையாக நுண்ணோக்கிக்குள் குனிந்து பார்க்கிறாள். “ரெண்டு வட்டமா தெரியுதே, தம்பி.” கூட வேலை பார்த்தவர் கை நீட்டுகிறார். “கண் வைக்கிற குழாய் ரெண்டும் அண்ணன் கண்ணுக்கு ஏத்த மாதிரி தள்ளி இருக்கு, அண்ணி. கொஞ்சம் நெருக்கினா சரியாயிடும்.” “வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்று அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். மஞ்சள் வெளிச்சத்தில் விரல் விரித்த முட்கள், நடுவே திறந்த வாசல், உள்ளே ஒன்றுமில்லை. “இதுக்காகவா மனுஷன் சோறு தண்ணி இல்லாம கிடந்தாரு?” இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவள் விரல், புருவ மத்தியைத் தடவுவதுபோலத் தடவுகிறது. “மிச்சத்த யாரு எண்ணுவா?” “நான்தான், அண்ணி.” “அப்ப உங்க கண்ணுக்கு மாத்திக்கோங்க.” அவள் நிமிர்ந்து சன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொள்கிறாள். பின்னால் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். பிறகு குழாய்கள் மெல்ல நெருங்குவது கேட்கிறது. “இப்ப தெரியுதா?” என்கிறாள், திரும்பாமலே. “இல்ல, அண்ணி. வட்டம் ஒண்ணாயிடுச்சு, ஆனா இன்னும் கலங்கலாத்தான் இருக்கு.”