துண்டுக்குள்ளே

"சண்டை இன்னும் ரெண்டு வருசம் இழுத்தா போதும் பாண்டுரங்கா. நீயும் தேறிடுவே, நானும் தேறிடுவேன்."

விழுப்புரத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் அரங்கநாதன் இதைச் சத்தமாகவே சொன்னார். பாண்டுரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலடி தள்ளி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் யார்? கனகரத்தினம். சிலோன் சண்டைக்குத் தப்பி வந்து, குடும்பத்தோடு அகதி முகாமில் இருக்கிறவர்.

"மனுசனாண்ணே நீங்க? அந்த ஆளு காதுல உழுந்தா என்னா நெனைப்பாரு?"

"விழுந்ததுதான்," என்றார் கனகரத்தினம், மூட்டையை இறக்கியபடி. "ஐயா சொல்லுறது பொய்யில்லை. முந்தி எங்கட தோட்டத்து மிளகாய்தான் கொழும்புக்குப் போகும். இப்ப லொறி ஓடாது. பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. நாலு வருசமாத் தோட்டம் காடாக் கிடக்கு. கொழும்புச் சனத்துக்கு வேற ஊர் மிளகாய்தானே வேணும்?"

"அதான் இங்கேர்ந்து கப்பல் ஏறுது. நான் சொன்னதுல என்னா தப்பு?" என்றார் அரங்கநாதன்.

"இது பொணத்து மேல பண்ற யாவாரம்ண்ணே!"

மண்டியே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாண்டுரங்கனுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

கத்தினானே தவிர, துண்டுக்கடியில் இருந்த கையை எடுக்கவில்லை. சொந்த ஊரான கெடாரில் பாதி வெட்டிய கிணறு பாறையில் முட்டி நிற்கிறது. வெடி வைக்கப் பணம் வேண்டும். அதற்காகவே தன் காட்டில் விளைந்த முப்பது மூட்டை மிளகாயைச் சித்திரையிலிருந்து விற்காமல் வைத்திருந்தான்.

மண்டி வழக்கப்படி, பேசும் விலை மற்றவருக்குத் தெரியாமலிருக்க, இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருந்தது. ஒரு விரலைப் பிடித்தால் மூட்டைக்கு நூறு ரூபாய். பாண்டுரங்கன் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தான். அவரோ நாலுக்கு மேல் அசைவதாக இல்லை.

அப்போதுதான் ரேடியோவில் செய்தி சொன்னார்கள். எண்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். சண்டை நிற்கப் போகிறதாம்.

கனகரத்தினம் மூட்டையைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"ஊருக்குப் போகலாம்! என்ர தோட்டத்துக்குப் போகலாம்!"

பாண்டுரங்கனுக்கும் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது.

"மவராசனாப் போய்ட்டு வாங்கண்ணே! மறுபடியும் மொளகா போடுங்க! இத்த வுட நல்ல சேதி வேற என்னா இருக்குது?"

"பாண்டுரங்கா..." என்றார் அரங்கநாதன். அவர் பார்வை ஒரு மாதிரி இருந்தது.

"என்னாண்ணே?"

அவர் துண்டை உருவினார். பேரம் முடியுமுன் எந்த மண்டியிலும் யாரும் செய்யாத காரியம் அது.

எல்லோரும் பார்த்தார்கள். பாண்டுரங்கனும் அப்போதுதான் பார்த்தான்.

விலை விழுவதற்குள் முடித்துவிடு, முடித்துவிடு என்று, அவன் கை மூன்றே மூன்று விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது.