நாடகத்தில் இல்லாத காட்சி

"இந்தக் காட்சி எங்கேயுமே நடக்கலை, ஹெஸ்டர். சரித்திரத்துலயும் இல்லை, நாடகத்துலயும் இல்லை."

பேராசிரியர் ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல் கையிலிருந்த தாளை நான்காக மடித்தார். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த கௌரவமான வேலை இது. இங்கிலாந்தின் பழைய அரசர்களைப் பற்றிய மூன்று நாடகங்களைத் தொலைக்காட்சிக்காக ஆறு பகுதிகளாக எடுக்கிறார்கள். வரலாற்றுப் பிழை வராமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவர் பெயர் வரும்.

திரைக்கதை எழுதிய ஹெஸ்டர் லிட்கேட் தேநீர் இருந்த காகிதக் கோப்பையைப் பிடித்துக் கைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். யார்க்‌ஷயரின் அந்த இடிந்த மடாலயத்துக்குள் குளிர் எலும்பு வரை ஏறியது. வெளியே விடாத தூறல்.

"நாடகத்துல அரசர் சாகறப்போ இளவரசன் எங்கே இருக்கான்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"வடக்கு எல்லையில. சண்டையில."

"எப்போ வந்து சேர்றான்?"

"அடக்கம் முடிஞ்சு ஒன்பதாம் நாள்."

"ஆக, தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க. பையன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, அப்பா கையைப் பிடிச்சு, மன்னிச்சுட்டேன்னு சொல்றானாம். நானூறு வருஷமா ஜனங்க இந்த நாடகத்தைப் பார்த்து எதுக்கு அழுதாங்க? அவன் வந்து சேரலையேன்னுதானே?"

"அழுதது போதும், புரொபசர்."

"இதுக்காக ஒரு போர்க் காட்சியையே வெட்டிட்டீங்களாமே."

"ரெண்டு போர். டைரக்டர் அப்பவும் மசியலை. என் பேரைக்கூடப் போட வேண்டாம், இந்தக் காட்சி மட்டும் இருக்கட்டும்னேன். சரின்னுட்டார்."

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. "அப்போ என் பேரையும் எடுத்துடுங்க. இது ஒளிபரப்பாச்சுன்னா நான் பத்திரிகைக்கு எழுதுவேன்."

"தாராளமா எழுதுங்க. இன்னைக்கு எடுத்து முடிக்க மட்டும் விடுங்க."

படப்பிடிப்புக்கு அழைப்பு வந்தது. அரசராக நடிக்கும் ரோலண்ட் பிரைஸை இருவர் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒப்பனைக்காரப் பெண் அவர் கன்னத்தில் லேசாகப் பவுடரைத் தொட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள். அதற்கு மேல் செய்ய அந்த முகத்தில் ஒன்றும் தேவைப்படவில்லை.

இளவரசனாக நடிக்கும் இளைஞன், காலம் ஹே என்பவன், கடைசியாக வந்தான். யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"பார்த்தீங்களா அவனை?" என்று டைரக்டர் குவின் பேராசிரியரின் காதில் கிசுகிசுத்தார். "நாலு நாளா ஒரே செட்டுல இருக்கான். பெரியவருக்கு ஒரு குட்மார்னிங் கிடையாது. சாப்பாட்டுக்குக்கூட அவர் இல்லாத மேஜையாப் பார்த்துப் போறான். பேரு வாங்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு திமிர்."

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓடியது.

"உனக்கு நான் செய்தது நியாயமில்லை, மகனே" என்றார் அரசர்.

இளவரசன் அவர் கையை எடுத்தான். "மன்னித்துவிட்டேன், தந்தையே."

"கட். அருமை. அடுத்த காட்சிக்குப் போகலாம்" என்றார் குவின்.

கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னொரு தடவை எடுக்கலாமா? நான் சரியாச் செய்யலை."

இரண்டாவது முறையும் எடுத்தார்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். மூன்றாவதிலும் திருப்தியில்லை. நான்காவதிலும் இல்லை. ஒளிப்பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிழவர் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல, கண் கொட்டாமல் அந்தப் பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது முறை இளவரசனுக்கு வசனம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குவின் 'கட்' சொல்லக் கையைத் தூக்கிவிட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, எச்சிலை விழுங்கி, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில் சொன்னான். "மன்னித்துவிட்டேன்." தந்தையே என்பதை விட்டுவிட்டான்.

"இதுதான். இதையே வச்சுக்கலாம்" என்றார் குவின்.

பையன் எழுந்தான். அங்கியைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டுவிட்டு மழைக்குள் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் வாசலையே பார்த்தபடி இருந்தார். ஆட்கள் வந்து விளக்கை அணைத்த பிறகும் அவர் முகம் திரும்பவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன்மேலேயே கோபம் வந்தவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"நல்லா நடிக்கறாங்க, மறுக்கலை. ஆனா பொய் பொய்தானே, ஹெஸ்டர்? முப்பது வருஷமா எழுதறீங்க. ஒரு தப்புத் தேதி உங்ககிட்ட நான் பார்த்ததில்லை. இந்த வயசுல இப்படியொரு காட்சியை எழுதி எதுக்குப் பேரைக் கெடுத்துக்கணும்?"

ஹெஸ்டரின் தேநீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவள் கட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"படுத்திருக்கறவர் என் வீட்டுக்காரர், புரொபசர். எழுந்து போனவன் எங்க பையன். பேரை மாத்திக்கிட்டு நடிக்கறான், வெளியே தெரிஞ்சா வரமாட்டேன்னுட்டான். ரெண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. இவர் கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டார்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஒரே ஒரு தடவை வந்து, மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போடான்னு அவன்கிட்ட கெஞ்சினேன். 'வசனமா எழுதிக் குடு, சொல்றேன்'னான்."