வெயிலுக்குள் வராத உள்ளான்

ஐப்பசி மழை விட்ட காலை. அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், உடைந்த பாலம் தெரியும் கரையில், நான் சேற்றில் குந்தியிருக்கிறேன். கையில் ஏஞ்சல் அக்காவின் போன். ஆழ்வார்பேட்டைக் கடைக்கு அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவையைப் படம் எடுக்கத் தினமும் வருகிறேன், தினமும் திரையில் ஒரு புள்ளிதான் விழுகிறது. இன்று அந்த உள்ளான் கிட்டே வருகிறது. ஊசி அலகைச் சேற்றில் குத்திப் புழுவை இழுத்தபடி, கரைமேட்டின் நிழலுக்குள்ளேயே நடக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் வெயிலுக்குள் வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். "இன்னா கண்ணு, குருவிய போட்டோ புடிக்கிறியா?" பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருக்கும் செபஸ்தியான் மாமாவின் குரல். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன். "இரு, கிட்ட வர வெக்கிறேன்." வலையில் சிக்கிய பொடிமீனை ஒரு கை அள்ளிச் சேற்றில் வீசுகிறார். கீச்சென்று ஒரு சத்தம். உள்ளான் தண்ணீரை உரசியபடி மறுகரைக்குப் பறந்துவிடுகிறது. மீன் விழுந்த இடத்தில் காக்கைகள் இறங்குகின்றன. "பாரு, எத்தினி வந்துக்கீது! எடு, எடு!" மாமா வலையைக் கீழே போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு என்னையே பார்க்கிறார். கரை மேலிருந்து அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். வெயிலுக்குள் வந்து நிற்கும் ஒரு காக்கையைப் படம் எடுக்கிறேன். மிகத் தெளிவாக விழுகிறது.