இன்பாஸின் மூக்கு

"பச்சைப் புல்லு. மிளகு. பிறகு கொஞ்சம் தேசிக்காய்த் தோல்." கண்ணை மூடியபடியே சொன்னான் இன்பாஸ். "பீப்பாவையே காணாத சரக்கு சேர். வடிச்ச கையோட போத்தலில அடைச்சது. பிளாங்கோ."

கதிராமன் தலையாட்டினார். கொழும்பிலிருந்து வந்தவர், கம்பனியின் ஹோட்டல் பார்கள் அத்தனைக்கும் பொறுப்பானவர். இலேசில் தலையாட்டுகிற ஆளில்லை.

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஹோட்டலில் டெக்கீலாவுக்கென்றே புது பார் ஒன்று திறக்கப்போகிறார்கள். அதற்குத் தலைமை இன்பாஸுக்குத் தகுமா என்று பார்க்கத்தான் காலை பத்து மணிக்கு இந்தப் பரீட்சை. நிறத்தைப் பார்த்துக் கெட்டித்தனம் காட்டக்கூடாதென்று, குசினியில் வைத்து மூன்று கறுப்புக் கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் கதிராமன். கொண்டுவந்து வைத்தவன் லோஜன், ஒன்பது வருடமாக இன்பாஸோடு அதே பாரில் நிற்பவன்.

லோஜன் இந்தப் பதவிக்குப் பெயர் கொடுக்கவில்லை. "நீ இருக்கேக்க எனக்கென்னத்துக்கு" என்று சொல்லிவிட்டான். இப்படி ஒரு சிநேகிதன் எத்தனை பேருக்கு வாய்க்கும்.

"இதை எந்தக் கொக்டெயிலில போடுவீர்?" என்றார் கதிராமன்.

"நெக்ரோனியில ஜின்னை எடுத்துப்போட்டு இதை விடுவன் சேர். கசப்புக்குப் பயப்படாத சரக்கு."

இன்பாஸ் கிண்ணியாக்காரன், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ஊரில் யாரும் கேட்டால் ஹோட்டலில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வான். வாயில் ஒரு துளி படவிட்டதில்லை; எது கூட, எது குறைவு என்று முகர்ந்தே சொல்லிவிடுவான். அது தெரிந்ததால் கதிராமனும் அவனைக் குடித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த மரியாதையாவது மனிதருக்கு இருந்தது.

இரண்டாவது கோப்பையை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனான். ஒரு மணமும் இல்லை.

முதல் கோப்பையிலும் அவனுக்கு ஒன்றும் மணக்கவில்லை. போன மாரியில் வந்த காய்ச்சல் அவன் மூக்கைத் தின்றுவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. மகள் அம்ராவின் உச்சந்தலையில் முகம் வைத்தால்கூட வெறும் காற்றுத்தான். அதற்காக ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதும் இருக்கிறான். விஷயம் வெளியே தெரிந்தால் தலைமை என்ன, இருக்கிற வேலையும் அன்றோடு சரி. குடிக்கவும் மாட்டான், மணமும் தெரியாது என்றால் அவனை எந்த பாரில் வைத்திருப்பார்கள்.

தெரிந்த ஒரே ஆள் லோஜன். இந்த எட்டு மாதமும் இன்பாஸுக்கு மூக்காக இருந்தவன் அவன்தான். தேசிக்காய்ச் சாறு பழுதா, கிறீம் புளித்துவிட்டதா, எல்லாம் முகர்ந்து காதுக்குள் சொல்லுவான். நேற்றுப் பின்னேரமும் அவனாகவே வந்தான்.

"பயப்படாத மச்சான். இடப்பக்கத்தில இருந்து வரிசையா வைப்பன். டெக்கீலாவில மூண்டு வகையும், பிளாங்கோ, ரெபோசாடோ, அன்யெஹோ. நீ கதையை மட்டும் எடுத்து விடு."

கதைக்கு இன்பாஸிடம் குறைவில்லை. மணம் போனாலும் மணத்தின் ஞாபகம் அவனை விட்டுப் போகவில்லை.

"இது ஓக் பீப்பாவில கொஞ்ச மாசம் படுத்தெழும்பினது சேர். வனிலா வருது, சுட்ட அன்னாசி வருது. ரெபோசாடோ. ஓல்ட் ஃபேஷன்டில விஸ்கிக்குப் பதிலா இதை விடுவன். சீனிக்குப் பதிலா கித்துள் பாணி. மேல தோடம்பழத் தோல் ஒண்டு திருகி விட்டாக் காணும்."

கதிராமன் எழுதிக்கொண்டார். லோஜன் ஒரு பக்கமாக நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது கோப்பையைத் தூக்கும்போதுதான் இன்பாஸுக்கு ஏதோ இடறியது. மணம் தெரியாவிட்டாலும் இப்படியான சரக்குக்குக் கிட்டப் போனால் மூக்கோரத்தில் சுள்ளென்று ஓர் எரிவு வரும். காய்ச்சலுக்குப் பிறகு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. பயத்தில் அதுவும் செத்துப்போயிற்றாக்கும் என்று எண்ணி, இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தான்.

"இது வருசம் தாண்டினது சேர். காய்ஞ்ச பேரீச்சம்பழம், கறுவா, கொஞ்சம் புகையிலை. அன்யெஹோ. மன்ஹாட்டனில ரை விஸ்கி இருக்கிற இடத்தில இதை வைப்பன். செரிப்பழத்துக்குப் பதிலா பாகில ஊறின பாலைப்பழம்."

"பாலைப்பழமோ?" கதிராமன் பேனாவை மூடினார். "உமக்கு விசயம் தெரியும். அதில பொய் இல்லை."

தப்பிவிட்டோம் என்ற நினைப்பில் இன்பாஸுக்குக் கண் கலங்கியது. ஓடிப்போய் லோஜனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"ஒண்டு சொல்லும்," என்றார் கதிராமன். "புது பாரில அடுத்த ஆளா ஆரைப் போடலாம்?"

"லோஜனைப் போடுங்கோ சேர்." யோசிக்கவே இல்லை இன்பாஸ். "அவன் இல்லாட்டி எனக்கு இஞ்ச ஒரு நாளும் நிக்க ஏலாது."

லோஜன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இன்பாஸின் பக்கம் திரும்பவில்லை.

கதிராமன் அவனைக் கூப்பிட்டார். "நீர் வந்து சொன்ன கதை உண்மைதான், லோஜன். இப்ப இவருக்கும் சொல்லும். கோப்பையில என்ன விட்டனீர்?"

"மூண்டிலயும் பைப் தண்ணி சேர்."