உறவினர் ஒப்புதல்

மருத்துவர்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் சட்ட வகுப்பில் தேறியாக வேண்டும் என்று புது விதி வந்தது. பாடம் நடத்த வந்த வழக்கறிஞர் செண்பகவடிவு, வருகைப் பட்டியலில் டாக்டர் ஜெயசீலனின் பெயரைப் பார்த்தாள். பதினான்கு வருஷங்களுக்கு முன் அவள் தங்கைக்கு அறுவைசிகிச்சை செய்தவர் அவர். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா” என்று வெற்றுப் படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். தங்கை பிழைக்கவில்லை. அந்தக் கையெழுத்தைக் காட்டியே அவள் தொடுத்த வழக்கையும் தள்ளுபடி செய்ய வைத்தார்.

எப்போதும் பையில் வைத்திருக்கும் அந்தப் படிவத்தின் நகலை எடுத்து அவரிடம் நீட்டினாள். “எழுந்து நின்னு சத்தமா படிங்க டாக்டர்.”

நாற்பது மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ‘ஆபத்துகள் அனைத்தும் உறவினருக்கு விளக்கப்பட்டன’ என்ற வரி வந்ததும் அவர் குரல் இறங்கியது.

“என்னென்ன விளக்குனீங்க?”

“ஞாபகமில்லை மேடம்.” பிறகுதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீங்க... அந்தப் பொண்ணோட அக்காவா?”

அவள் வருகைப் பட்டியலை எடுத்தாள். அவர் பெயருக்கு நேரே ‘தேறவில்லை’ என்று நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினாள்.

“அடுத்த வாரமும் வாங்க டாக்டர். உங்களுக்கு இதே பாடம்தான்.”