மூன்று ஃபைனல்கள்

மாலையில் ரக்பி கிளப்பின் பொன்விழா. அதில் பேச வேண்டிய பழைய கேப்டன், சவரத்துக்காக சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சின்ன வயசுல தொடர்ந்து மூணு வருஷம் கோப்பை வாங்கினோம். ஆனா மேடையில என்ன சொல்றதுன்னு தெரியல. எல்லாமே மறந்துபோச்சு."

"முதல் ஃபைனல்ல கொட்டற மழை சார்," என்றார் சலூன்காரர், நுரையைத் தடவிக்கொண்டே. "ரெண்டாவதுல உங்க பூட்ஸ் கிழிஞ்சு, வெறுங்காலோடயே ஓடினீங்க. மூணாவதுல கடைசி நிமிஷம் பந்தை அணைச்சுக்கிட்டு கோட்டைத் தாண்டி விழுந்து ஜெயிச்சீங்க."

கேப்டனின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! எங்க டீமுக்கு இப்படி ஒரு ரசிகரா?"

கத்தி கன்னத்தில் நின்றது.

"ரசிகனா? மூணு தடவையும் உங்ககிட்ட தோத்த டீம்ல நான் இருந்தேன் சார். ஜெயிச்சவங்க மறந்துடலாம். தோத்தவனுக்கு மறக்குமா?"

கண்ணாடியில் அந்த முகத்தை உற்றுப் பார்த்த கேப்டன், நுரையோடு எழப் போனார்.

"அட, நீங்களா! சாயங்காலம் என்கூட மேடைக்கு வாங்க!"

சலூன்காரர் சிரித்தபடி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"வர்றேன் சார். மூணு வருஷம் துரத்தியும் உங்களை ஒரு தடவைகூடப் பிடிக்க முடியல. இன்னிக்குத்தான் கையில அகப்பட்டிருக்கீங்க. ஆடாம உட்காருங்க!"